நுனி மாறிய இலை

"உக்காருங்ண்ணா. அய்யா போன்ல பேசிட்டிருக்காங்க. முடிஞ்சதும் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு வரவேற்பு மேசைச் சாந்தாமணி தன் கணினித் திரைக்குள் திரும்பிப் போய்விட்டாள். வழக்கமாகக் கூடவே வரும் "வெயில்ல வந்தீங்களா, மோர் குடிக்கறீங்களா" இன்று வரவில்லை. அறவாழி அதைக் கவனித்தார். ஒரு டம்ளர் மோருக்கா இந்த வருத்தம் என்று தம்மையே கேட்டுக்கொண்டு, பச்சை ரெக்சின் சோபாவின் ஓரத்தில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். பதினோரு ஆண்டுகளாக அவர் உட்கார்ந்து பழகிய சோபா அது. கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில், எட்டுப் பேர் கொண்ட படைப்புக் குழுவுக்கு அவர் தலைவர். காங்கேயம் சாலையில் இருக்கும் இந்தப் பொன்னூசல் நல்லெண்ணெய் ஆலை அந்த நிறுவனத்தின் மிகப் பழைய வாடிக்கையாளர். கருப்பட்டி சேர்த்து எள் ஆட்டும் வாசனை சன்னல் வழியே வந்து அறை முழுவதும் படிந்திருந்தது. அந்த வாசனை வந்தால் அவருக்குப் பசிக்கும். இன்று பசிக்கவில்லை. மணி பத்தரை. எதிர்ச் சுவரில் பொன்னூசலின் புத்தாண்டுக் காலண்டர் தொங்கியது. தேதி ஜனவரி ஆறு; சுவரில் இருந்ததோ பிப்ரவரி. யாரோ ஜனவரித் தாளைத் தூக்கிப் பின்பக்கமாக மடித்து, மறுபடி விழுந்துவிடாதபடி ஒரு கிளிப்பும் போட்டிருந்தார்கள். மடித்த தாளுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும். மூடினால்தான் இன்னும் தெளிவாகத் தெரியும். பொங்கல் விருந்து. புது வேட்டி கட்டிய குடும்பத் தலைவன் சிரித்த முகத்தோடு இலைமுன் அமர்ந்திருக்கிறான். இலையின் நுனி அவனது வலக்கைப் பக்கம் இருக்கிறது. உண்பவரின் இடக்கைப் பக்கம் நுனி வருமாறு இலை போடுவதுதான் முறை. ஆலை முதலாளி சென்னியப்பனின் ஊர்ப் பக்கத்தில் அதை மாற்றிப் போடுவது ஒரே ஒரு நாளில்தான்: இறந்தவருக்குக் காரியம் செய்யும் நாளில். அறுபதாயிரம் காலண்டர்கள். அறுபதாயிரம் வீடுகளின் சுவரில், ஆண்டின் முதல் மாதத்தில், ஒரு மனிதன் சாவுக்குப் போட்ட இலைமுன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

தவறி நேர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அது வைக்கப்பட்ட பிழை. வைக்கச் சொன்னவர் அறவாழி. இந்த வாக்கியத்தை அவர் மனம் நான்கு நாட்களாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் "ஆனால்" என்று அடுத்த வாக்கியத்துக்குத் தாவப் பார்த்து, தாவ முடியாமல், திரும்ப முதலுக்கே வந்து விழுகிறது. எங்கே தொடங்கியது? முதல் ஆண்டில் இல்லை. முதல் ஆண்டில் எல்லாம் சுத்தமாக இருந்தது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் தாய், அவள் மடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சிறுவன். அதுதான் முதல் படம். சென்னியப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தம்மாளோட வளையலு மணிக்கட்டுல கெடக்குதுங்களே. எண்ணெய் தேய்க்கறவ வளையல முழங்கைப் பக்கமாத் தள்ளிட்டுத்தான் தேய்ப்பா. எங்கம்மா அப்படித்தான் தள்ளும். தள்ளுனா ஒரு சத்தம் வரும், அதக் கேட்டாலே நாங்க ஓடி ஒளிஞ்சுக்குவோம்" என்றார். அறவாழிக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. கலை பயின்ற எட்டுப் பேரின் கண்ணுக்குப் படாத ஒன்று, எள் வியாபாரியின் கண்ணுக்குப் பட்டுவிட்டது. அந்த வளையலை மேலே தள்ளி வரைந்ததும் படத்துக்கு உயிர் வந்தது. அந்தப் படம் இன்றும் சென்னியப்பனின் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆனால் ஒரு முறை ருசி கண்டவர் அடுத்த ஆண்டு விடவில்லை. "அந்தம்மாளுக்கு இன்னுங் கொஞ்சம் சதை போடுங்", "வானம் ஏனுங்க வெளுத்துக் கெடக்குது", "பையன் மூஞ்சி என்ற பேரனாட்ட இருந்தாத் தேவலைங்" என்று ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். ஒன்பதாம் முறை, படம் வரைந்த பெண் அலுவலகத்தில் எல்லார் முன்னும் அழுதுவிட்டு வேலையை விட்டுப் போனாள். அவள் அழுததைப் பார்த்த அன்றுதான் அறவாழிக்கு அந்த யோசனை பிறந்தது. என் குழுவைக் காப்பது என் கடமை என்று அன்று அவர் நினைத்தார். எவ்வளவு நல்ல வாக்கியத்தின் முதுகில் ஏறி எவ்வளவு கெட்ட காரியம் உள்ளே வந்துவிடுகிறது! அழகாய்ப் பிறந்த குழந்தையின் கன்னத்தில் தாய் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கிறாள். ஊர்க்கண் அந்தப் பொட்டில் போய் நின்றுவிடும், குழந்தை பிழைத்துக்கொள்ளும். அப்படியே ஆண்டுக்கு ஒரு படத்தில் நாமே ஒரு பிழையை வைப்போம், சென்னியப்பனின் கண்ணுக்குத் தப்பாத ஒரு பிழை, அவர் அதைக் கண்டுபிடித்து மகிழட்டும், மற்றதைத் தொடமாட்டார். குழுவில் அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்றே பெயர் வந்துவிட்டது. "பொட்டு வெச்சாச்சா?" "வெச்சாச்சு சார்." ஐந்து முகக் குத்துவிளக்குக்கு நான்கு முகம். தொட்டில் குழந்தைக்கு அரைஞாண் கயிறு இல்லை. பால் குடிக்கும் கன்றுக்கு மூக்கணாங்கயிறு. பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து இல்லை. திருத்திய படம் முன்கூட்டியே தயாராக இருக்கும். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, அப்போதுதான் திருத்தியதுபோல் கொண்டுபோய்க் காட்டுவார்கள். எட்டு ஆண்டுகள், எட்டுப் பொட்டுகள். எட்டையும் கிழவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, விரலைச் சரியாக அதன்மேல் ஊன்றி, சிறு பிள்ளையின் குரலில், "பாத்தீங்களா, நான் பாக்கலீன்னா என்ன ஆயிருக்கும்?" என்பார். "நல்ல வேளைங்க" என்பார் அறவாழி. எட்டு முறை சொன்ன நல்ல வேளை. ஒரு மனிதனின் மகிழ்ச்சியை அவனுக்கே தெரியாமல் செய்து, அவன் கையிலேயே கொடுத்து, அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அதற்கு என்ன பெயர்? அன்று அவர் வைத்த பெயர் வாடிக்கையாளர் உறவு.

கீழே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு, சணல் கயிற்றால் கட்டிய இரண்டு காலண்டர்க் கட்டுகளைச் சுமந்தபடி ஒருவர் ஏறிவந்தார். தாராபுரத்து ஏஜென்ட். கட்டுகளைச் சாந்தாமணியின் மேசைமேல் பொத்தென்று வைத்தார்.

"இந்தா அம்மணி, உங்க சாவுக் காலண்டரு. எண்ணிப் பாத்து வாங்கிக்க."

"மெதுவாப் பேசுங்ண்ணா. அய்யா உள்ளதான் இருக்காங்க."

"என்னத்த மெதுவாப் பேசறது? எங்கூட்டுல மாட்டிப்போட்டு நாம்பாட்டுக்கு வசூலுக்குப் போயிட்டன். திரும்பி வந்தா எங்க பெரியத்தை வாசல்ல உக்காந்துட்டு, ஏன்டா, எனக்கு நாள் குறிச்சுட்டீங்களான்னு கேக்குது. எண்பத்திரண்டு வயசு. ரெண்டு நாளாச் சோறு எறங்கல அதுக்கு."

"பிப்ரவரிக்குத் திருப்பி மாட்டிப்போடுங்க. நாங்க அப்படித்தான் மாட்டியிருக்கறம்."

"திருப்பினா நம்மூட்டுல பொங்கல் வராது, நேரா மாசி நோம்பிதான். நல்லா இருக்குது உங்க நாயம்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஆமா, வரைஞ்சது ஆரு?"

"கோயமுத்தூர்ல ஒரு பொண்ணாமுங்க. வேதக்காரப் பொண்ணு. நம்ம முறை தெரியாமப் பண்ணிப்போட்டுதாம்" என்று தொடங்கிய சாந்தாமணி, சோபாவில் இருப்பவர் யார் என்பது நினைவுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, கட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

அறவாழி தரையைப் பார்த்தார். நேற்று மதியம் அவர் வாயிலிருந்து புறப்பட்டது ஒரே ஓர் எழுத்து. ஒரு நாள்கூட ஆகவில்லை. அது கை கால் முளைத்து, கதையாகி, தாராபுரம் வரை போகப் பஸ் ஏறி நிற்கிறது. சென்னியப்பனின் மகன் போனில் கூப்பிட்டிருந்தான். "சார், அப்பா நாலு நாளாச் செரியாச் சாப்பிடறதில்லை. ஊர்ல ஆளாளுக்குப் பேசறாங்க. வரைஞ்ச பொண்ணு பேரு ஜெபக்கனிங்களாமே? அதுக்கு நம்ம வழக்கம் தெரியாதுங்களாட்ட இருக்குது?" அந்தக் கேள்விக்குப் பின் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு மனிதன் முழுதாக உள்ளே நுழைந்து வெளியே வரக்கூடிய அளவு இடைவெளி. அறவாழி அதற்குள் நின்றார். பிறகு, "ம்" என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, உதடுகூடத் திறக்கவில்லை. "அப்படின்னா அந்தப் புள்ளைய நிறுத்திட்டீங்கன்னு ஒரு லெட்டர் கொண்டுட்டு வந்து குடுத்துருங் சார், அப்பா சமாதானமாயிருவாரு" என்றான் மகன். அந்தக் கடிதம் இப்போது பையில் இருக்கிறது. தட்டச்சு செய்து, கையெழுத்து மட்டும் போடாமல். அதற்கு அடியில் இன்னொரு உறையில், நுனி இடப்பக்கம் இருக்கும் திருத்திய படம், அக்டோபர் மாதமே தயாராகிவிட்ட படம். ஜெபக்கனிக்குத் தெரியாதா! தெற்கே நாசரேத்துக்காரி, கிறிஸ்தவப் பெண்தான். குழுவிலேயே ஒன்றை வரைவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒரே ஆள் அவள்தான். இந்தப் படத்துக்காக மூன்று கல்யாண மண்டபங்களில் பந்தி ஓரமாக நின்று குறிப்பெடுத்தாள். "இந்தத் தடவை பொட்டு இலையில வைப்போம்மா, நுனியை மாத்திடு" என்று அவர் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம் சார். எங்க ஊர்லயும் கல்யாணத்துக்கு இலையிலதான் சார் சாப்பிடுவோம். இது வெளையாடுத காரியம் இல்ல. விளக்கு, கயிறுன்னா சரி. இது ஆட்கள் மனசுல கெடக்க விஷயம்." அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, எல்லாரும் கேட்கும்படி ஓர் உபதேசமும் செய்தார்: பிறருக்கு முக்கியத்துவம் கொடுப்பது பொய்யாகாது, அது மரியாதை, பிழை எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிதாக அவர் கண்டுபிடிப்பார், நாம் அவருக்கு வெற்றியைப் பரிசளிக்கிறோம். அவள் நுனியை மாற்றி வரைந்தாள். நேற்றுப் பிற்பகல், தகவல் அவள் காதுக்கும் எட்டிய பிறகு, அவரது மேசையருகே வந்து நின்று, "சார், அந்தப் பக்கம் நுனி வைக்கச் சொன்னது நீங்கதானே? ஞாபகம் இருக்குல்லா சார்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இருந்தது கவலை, தலைவருக்கு வேலைப்பளுவில் மறந்துபோயிருக்குமோ, மறந்துபோனதால்தான் இப்படி நடக்கிறதோ என்ற கவலை. "பேசிக்கலாம்மா" என்றார் அவர். திங்கட்கிழமைதோறும் குழுவை வட்டமாக உட்கார வைத்து அவர் சொன்ன கதைகள் எத்தனை! பாறையைத் தாங்கிய வேரின் கதை. தலைவன் என்பவன் புகழை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பழியைத் தன் நாற்காலியில் உட்கார வைப்பவன் என்று அவர் சொன்னதை, ஜெபக்கனி அழகிய எழுத்தில் எழுதித் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். நேற்று அவளுக்குப் "பேசிக்கலாம்மா" என்று சொன்னபோது அவர் கண் அந்தத் தாளின்மேல்தான் இருந்தது.

எட்டு முறை கண்டுபிடித்தவர் ஒன்பதாம் முறை ஏன் கண்டுபிடிக்கவில்லை? இந்த இடத்தில்தான் அறவாழியின் மனம் ஒவ்வொரு முறையும் சிக்கிக் கிழிகிறது. அக்டோபரில் படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இதே ஆலைக்கு வந்தார். சென்னியப்பன் உறையைக் கையில் வாங்கினார். திறக்கவில்லை. கண்ணாடியையும் தேடவில்லை. "பதினோரு வருசம் ஆச்சுங்க அறவாழி. இன்னும் உங்களச் சோதிச்சுட்டே இருந்தன்னா நானென்ன மனுசன்? நீங்க பாத்தாச்சுல்ல? அது போதும்" என்று சொல்லி, உறையின் மேலேயே கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கணத்தில் அறவாழியின் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் ஒருவன் எதற்காக உழைக்கிறானோ அது கையில் வந்து விழுந்துவிட்ட நிறைவு. அந்த நிறைவில் அவர் உறையைத் திறக்க மறந்தார். அதற்குள் இருப்பது பிழைப் படம் என்பதையே மறந்தார். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பிரதியை அதன்பின் எவரும் தொடக்கூடாது, அப்படியே அச்சகத்துக்குப் போகவேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்; உறை நேராகச் சிவகாசிக்குப் போயிற்று. திரும்பி வரும் வழியில் ஜெபக்கனி கூப்பிட்டாள். "சார், பொட்டை எடுத்துட்டீங்கள்லா?" "எல்லாம் ஆச்சும்மா, எல்லாம் ஆச்சு. அவர் பார்க்கவே இல்லை, தெரியுமா? பார்க்கவே இல்லை!" என்றார் அவர். அவள் கேட்ட கேள்வி அவர் காதில் விழவே இல்லை. அவர் தமக்குக் கிடைத்த மாலையின் மணத்தில் இருந்தார். ஐயோ, கிழவர் சந்தேகப்பட்டிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும். நம்பாதவரை அந்தப் பொய் யாரையும் கடிக்கவில்லை. நம்பிய அன்றுதான் கடித்தது.

ஒரு கதை அவருக்குள் தானாகவே எழுந்தது. திங்கட்கிழமைக் கதைகளைப்போல் அவர் தேடிப் பிடித்ததன்று. ஓர் ஊரில் கண் தெரியாத ஒருவன் இருந்தான். அவன் கோலூன்றி ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் அவன் மனைவி முன்னால் ஓடி, பாதையில் ஒரு கல்லை வைப்பாள். அவன் கோல் கல்லில் இடிக்கும். "பார்த்தாயா, என் கோலுக்குத் தெரியாமல் ஒரு கல் இருக்க முடியுமா" என்று அவன் நெஞ்சை நிமிர்த்துவான். அவள் மகிழ்வாள், அவன் மகிழ்வதைக் கண்டு தானும் மகிழ்வதால் அது அன்பு என்றே நினைத்தாள். ஆண்டுகள் போயின. ஒருநாள் அவன் கோலை வாசலில் சாத்திவிட்டு, "இனி எனக்குக் கோல் எதற்கு, நீ இருக்கிறாயே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சொல்லின் இன்பத்தில் அவள், தான் காலையில் வைத்த கல்லை மறந்தாள். கதை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அவன் விழுந்த பிறகு அவள் என்ன சொன்னாள்? கல் எப்படி வந்ததென்று தெரியவில்லை என்றாளா? பக்கத்து வீட்டுக்காரி வைத்திருப்பாள் என்றாளா? அல்லது "ம்" என்றாளா? பிறரை வழிநடத்தப் புறப்பட்டவர்களே, உங்கள் அன்பைச் சோதித்துப் பாருங்கள் என்று யாரோ மேடையில் நின்று பேசுவதுபோல் அவருக்குள் ஒரு குரல் கேட்டது. அது அவருடைய குரல்தான், வட்டமாக உட்கார்ந்த எட்டுப் பேருக்கு முன் ஒலித்த அதே கனிந்த குரல். மற்றவனின் பெருமைக்குத் தீனி போட்டு அவனை ஆளலாம் என்று எண்ணாதீர்கள். அவன் ஒருநாள் உண்மையாகவே உங்கள் தோளில் சாய்வான், அன்று உங்களுக்குத் தோள் இருக்காது. வாயை மூடு என்று அந்தக் குரலிடம் சொன்னார் அறவாழி. நீ பேசிப் பேசித்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். குரல் நின்றது. நின்றதும் இன்னும் பயமாக இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஜெபக்கனிக்கு இருபத்தாறு வயது, கை இருக்கிறது, வேறு இடம் கிடைக்கும், நானே சொல்லி வாங்கித் தரலாம். ஊரெல்லாம் வழக்கம் தெரியாதவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நிற்குமே, அதை எந்தக் கடிதத்தால் நிறுத்துவது? உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஒரு இலை மட்டுமா போகும்? எட்டு ஆண்டும் போகும். கிழவர் விரல் ஊன்றிய எட்டு இடமும் போகும். அவளைக் காப்பாற்ற அவரைக் கொல்ல வேண்டும். அவரைக் காப்பாற்ற அவளைக் கொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் எந்த வழியிலும் ஒரு காயமும் இல்லை. அதுதான், அதுதான் தாங்க முடியாதது. பிப்ரவரிப் படத்தில் ஒரு பெண் தீபத்துக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பிழை எதுவும் இல்லை. அவர் கண் தன்னையறியாமல் அதில் பிழை தேடியது.

"அண்ணா, உள்ள போங்க" என்றாள் சாந்தாமணி. பிறகு, என்ன நினைத்தாளோ, "மோர் கொண்டாறட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவர் எழுந்தார்.

சென்னியப்பன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயது உடம்பு நான்கு நாளில் சட்டைக்குள் சுருங்கியிருந்தது. அவர் தலைக்குமேல் அந்த முதல் படம், முழங்கைக்குத் தள்ளிய வளையலோடு. அவரது மூக்குக்கண்ணாடி மூடிய பெட்டிக்குள் மேசைமேல் இருந்தது.

"வாங்க. உக்காருங்க. உங்களக் கோவிச்சுக்க ஒண்ணுமில்லைங்க" என்றார். "பையன் சொல்லிட்டிருக்கறான், அந்தப் பொண்ணு நம்ம வழக்கம் அறியாதவன்னு. இருக்கட்டும். அறியாதவ தப்புப் பண்ணுவா. அதுக்குத்தான நான் இருந்தன்? எட்டு வருசமா ஒண்ணு தவறாமப் புடிச்சனே. இந்த வருசம் உறையப் பிரிச்சுங்கூடப் பாக்கலை. கண்ணு போச்சுன்னா மனுசனுக்குப் புத்தியும் போயிருது. பையன்கிட்டச் சொல்லிப்போட்டன், தைப் பொங்கலோட சாவிய வாங்கிக்கன்னு. அந்தப் பொண்ணும் போகட்டும், நானும் போறன். கணக்குச் செரியாப் போச்சு."

அறவாழி பையைத் திறந்தார். கை முதலில் கடிதத்தின்மேல் பட்டது. அதைக் கடந்து கீழே போய், உறையை எடுத்து மேசைமேல் வைத்தது. கை எடுத்த முடிவு அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது அக்டோபர்லயே வரைஞ்ச படங்க. நுனி சரியா இருக்கிற படம். அந்தப் பொண்ணு ரெண்டையும் ஒரே நாள்லதான் வரைஞ்சா. மாத்தி வரையச் சொன்னது நானுங்க. வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேட்கலை."

"ஏனுங்க?"

"நீங்க கண்டுபிடிக்கணும்னு."

கிழவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தது முகத்தில் தெரியவில்லை. மேசைமேல் இருந்த கையில் தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"நாலு முக விளக்கு?" என்றார்.

"அதுவுங்க."

"தொட்டில்ல கெடந்த கொழந்த? அரணாக்கயிறு?"

"அதுவுங்க."

"கன்னுக்குட்டி. அத நான் எங்கூர்ல எத்தன பேர்கிட்டச் சொல்லியிருக்கறன். பால் மறக்காத கன்னுக்கு மூக்கணாங்கயிறு குத்திப்போட்டாங்க, பட்டணத்து ஆளுகன்னு." அவர் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. "அதுவுமா?"

"அதுவுங்க."

அவர் நாற்காலியை மெல்லத் திருப்பி, தலைக்குமேல் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அறவாழிக்கு அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நெஞ்சில் ஓர் ஓரத்தில், நான்கு நாளில் முதல் முறையாக, ஒரு சிறு வெளிச்சம்போல் ஏதோ வந்தது. இது ஒன்றையாவது அவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

"எங்கம்மா வளையலு?"

"அது இல்லைங்க. சத்தியமா இல்லை. அந்த வருஷம் நாங்க எதுவுமே வைக்கலை. அது நீங்க பார்த்தது. உங்க கண்ணு பார்த்தது. எங்க யாருக்குமே தெரியாத விஷயங்க அது."

சென்னியப்பன் திரும்பினார். கோபம் இல்லாத முகம். கடையில் சரக்கைப் புகழ்ந்து பேசுகிறவனை, அவன் மனம் நோகாமல் கேட்டுக்கொள்கிறவரின் முகம்.

"செரிங்க" என்றார். "சொல்லுங்க. நல்லாத்தான் சொல்றீங்க."

"ஐயா, அது உண்மைங்க."

"செரின்னுதானுங்க சொல்றன். அந்தப் பொண்ண வேலையிலயே வெச்சுக்கங்க. பையன்கிட்ட நான் பேசிக்கறன்."

பிறகு அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். உறையைப் பிரித்து, திருத்திய படத்தை வெளியே எடுத்து, மேசைமேல் விரித்தார். சுருண்ட முனைகளை இரண்டு எண்ணெய்ப் புட்டிகளால் அழுத்தி வைத்தார். மேல் மூலையில் விரலை ஊன்றினார். ஓட்டின் வரிசை, வாசல் மாவிலை, கரும்பின் கணு. ஒவ்வொன்றிலும் விரல் நின்றது, யோசித்தது, நகர்ந்தது. குடும்பத் தலைவனின் வேட்டிக் கரையைக் கடந்தது. இலைக்கு வந்தது. இடப்பக்கம் இருந்த நுனியைத் தொட்டது. அங்கேயும் நிற்காமல் மேலே போயிற்று.

"எங்கீங்க வெச்சிருக்கறீங்க?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"ஒண்ணும் வைக்கலைங்க."

விரல் மறுபடி மேல் மூலைக்குப் போயிற்று. முதலிலிருந்து தொடங்கியது.